ஏதாச்சும்னா எவ்வளவு?

2025 ஆடி மாசம். விடியக்காலை நாலரை மணிக்கு மழையில் கக்கூசுக்குப் போன அம்மாயி, லயத்துக்குப் பின்னால் இருக்கிற பதினோராவது படியில் வழுக்கி விழுந்தார். மொத்தம் பதினாலு படி. சின்ன வயதில் எண்ணி எண்ணி ஏறி விளையாடியவர்கள் நாங்கள். அதனால் எந்தப் படி என்று சொன்னதுமே எங்களுக்கு அந்தக் கல் கண்ணுக்குத் தெரிந்தது. வலது பக்கம் சரிந்த, பாசி பிடித்த கல்.

1990க்கு அடித்தார்கள். சுவசெரிய ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் லயம் வரைக்கும் அது ஏறுகிற மாதிரி ரோடு இல்லை. பக்கத்துக் காம்பரா அண்ணன்மார் நாலு பேர் அம்மாயியைக் கம்பளியில் போட்டுத் தூக்கி, கொழுந்து மடுவம் வரைக்கும் இறக்கினார்கள். இடுப்பெலும்பு முறிவு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஆபரேஷன் செய்து, பதினாறாம் நாள் டிக்கெட் வெட்டினார்கள். அன்றைக்கு டாக்டர் சொன்னார்: "வீட்டுல எந்நேரமும் ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும். மூணு மாசமாவது. யாரு பாத்துக்கப் போறீங்க?"

வார்டில் நின்ற நாங்கள் எல்லோரும் ஒரே பக்கம்தான் திரும்பினோம். பெரியம்மாவைப் பார்த்தோம்.

இதை எழுதுகிற நாங்கள் மூன்று பேர். அம்மாயியின் இரண்டு மகள்களுடைய பிள்ளைகள். மூத்தவள் கொட்டகலையில் வாழ்க்கைப்பட்டு, அங்கே ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். நடுவாள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில், வயசான ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறாள். இளையவன் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில். மூத்த இருவருக்கும் அவர் அம்மா, இளையவனுக்குத்தான் பெரியம்மா. அவனுடைய அம்மா, எங்கள் சித்தி, பன்னிரண்டு வருஷமாகக் குவைத்தில். குழப்பம் வேண்டாம் என்று பெரியம்மா என்றே எழுதுகிறோம்.

பெரியம்மாவுக்கு 48 வயது. பதினெட்டு வயதில் பேர் பதிந்து, முப்பது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறார். அம்மாயி இருக்கிற அந்தக் காம்பராவிலிருந்து இன்றைக்குத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற ஒரே ஆள் அவர்தான். லயத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு அர்த்தம் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு ஆளாவது பேர் போட்டுக்கொண்டிருந்தால்தான் அந்தக் காம்பரா நம்முடையது என்று ஒரு தைரியம். பெண்கள் 50 வயதில் ஈ.பி.எஃப். எடுக்கலாம். அதற்கு இன்னும் இரண்டு வருஷம். பெரியம்மா இப்போது வேலையை விட்டால், அந்த இரண்டு வருஷத்துக்கு அவர் கட்டுகிற எட்டு வீதமும் தோட்டம் கட்டுகிற பன்னிரண்டு வீதமும் போகும். சேவைக்காலப் பணமும் அந்த இரண்டு வருஷத்தால் குறையும்.

இதெல்லாம் எங்களுக்கு அன்றைக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் திரும்பிப் பார்த்தோம். பெரியம்மாவும், கேட்காமலே, "நான் நின்னுக்கிறேன்" என்றார். எங்களுக்கு ஒரு பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது, முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று அது சொல்கிறது. கவனிக்காத பிள்ளைகள் மேல் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். சட்டத்தில் 'பிள்ளைகள்' என்றுதான் போட்டிருக்கிறது. லயத்தில் அந்தச் சொல்லுக்கு மகள் என்று அர்த்தம். மகள் இல்லாவிட்டால் மருமகள். வார்டில் அன்றைக்கு இளையவனை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவனும் தன்னை நினைக்கவில்லை. இந்த வரியைச் சேர்க்கச் சொன்னது அவன்தான்.

பெரியம்மா வேலைக்குப் போகட்டும், ஆள் வைக்கலாம் என்று முதலில் சொன்னது நடுவாள். அது அவளுடைய தொழில். அவளுக்குத் தெரிந்த ஒரு ஏஜென்சிக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் போட்டு மூன்று பேரும் கேட்டோம்.

நாளைக்கு 3500 ரூபாய். பதிவுக் காசு தனி. சாப்பாடு எங்களுடையது. "நோயாளிக்குத் தனி ரூம் இருக்கா? வர்ற ஆளுக்கு ரூம்? அட்டாச் பாத்ரூம்?" எங்களுடைய மொத்த வீடே ஒரு காம்பராவும், முன்னால் ஸ்தோப்பும், பின்னால் இழுத்துக் கட்டின குசினியும்தான். "தமிழ் ஆளா, சிங்கள ஆளா? மதம் ஏதும் பாப்பீங்களா?" என்று அடுத்த கேள்வி. எங்களுக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் நாங்க பாக்கிறதில்ல" என்று கொஞ்சம் விறைப்பாகவே சொன்னோம். இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கடைசியாக, ஆள் எங்கேயிருந்து வருவார் என்று கேட்டோம். வட்டகொடைக்குக் கொழும்பு ஆட்கள் வருவார்களா என்ற சந்தேகம். அந்தப் பக்கம் பேசினவர் சிரித்தார். "எங்ககிட்ட இருக்கிற புள்ளைங்க எல்லாமே ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம்தாங்க."

3500ஐ முப்பதால் பெருக்கினால் 1,05,000. எங்கள் மூவருடைய சம்பளத்தையும் கூட்டினால் அதைவிடக் கொஞ்சம்தான் கூட. அதைவிட நடுவாள் சொன்ன கணக்குத்தான் எங்களை உறுத்தியது. வெள்ளவத்தையில் அந்த வீட்டுக்காரர்கள் அவளுக்காக நாளைக்கு 3500 கட்டுகிறார்கள். அவள் கைக்கு வருவது 2300. ஈ.பி.எஃப். கிடையாது. மாதத்துக்கு இரண்டு நாள் லீவு, அதற்கும் சம்பளம் இல்லை. ஆக, மலையிலிருந்து இறங்கிப் போன ஒரு பெண்ணை, கொழும்பில் ஒருவருக்குக் காசு கட்டி, திரும்ப மலைக்குக் கூப்பிட வேண்டும். அந்தக் காசுக்காக எங்கள் வீட்டுப் பெண் கொழும்பிலேயே இருக்க வேண்டும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 2000இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: உலகப் பராமரிப்புச் சங்கிலி. பணக்கார நாட்டில் ஒரு பிள்ளையைப் பார்க்க ஏழை நாட்டிலிருந்து ஒரு தாய் போகிறாள். அவள் பிள்ளையைப் பார்க்க வேறொருத்தி. அந்த வேறொருத்தியின் பிள்ளையை அவளுடைய மூத்த மகள் பார்க்கிறாள். கீழே போகப் போகக் கூலி குறைந்து, கடைசியில் கூலியே இல்லாமல் போகிறது. எங்கள் வீட்டில் இதைப் படம் போட்டே காட்டலாம். சித்தி குவைத்தில் யாரோ பிள்ளைகளை வளர்த்தார். சித்தியின் மகனை அம்மாயி வளர்த்தார். நடுவாள் பார்த்துக்கொள்கிற வெள்ளவத்தை அம்மாவின் பிள்ளைகள் கனடாவில். இப்போது ஜப்பானுக்கும் இஸ்ரேலுக்கும் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எங்களோடு படித்தவர்களும் புறப்படுகிறார்கள். சங்கிலியின் கடைசி வளையத்தில், கூலியில்லாத இடத்தில், பெரியம்மாவை நிறுத்தப் பார்த்தோம்.

ஏஜென்சி சரிவராது என்றானது. கொழும்புக்குக் கூட்டிப் போகலாமா என்று இளையவன் கேட்டான். அவன் இருப்பது மூன்று பேர் பங்குபோடுகிற ஒரு மாடி அறை. முதியோர் இல்லம் என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார். இவ்வளவும் பேசி முடித்த பிறகுதான் அம்மாயியிடம் கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றியது. அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ரகசியம் பேச எங்கே இடம்?

அம்மாயி மூன்று விஷயம் சொன்னார். ஒன்று: "இந்தக் கட்டில ஸ்தோப்புப் பக்கம் போடுங்க. காலையில பிரட்டுக்குப் போற ஆளுகளப் பாக்கணும்." இரண்டு: "ஆம்பள ஆளு யாரும் என்னக் கழுவக் கூடாது." மூன்று: "எங்கயும் கொண்டு போகாதீங்க. போனவங்க யாரும் திரும்பி வரல."

மூன்றாவது எங்களுக்கு உடனே விளங்கவில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபோது அம்மாயிக்கு 13 வயது. ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேரை இங்கே என்று பங்கு பிரித்தார்கள். எழுபதுகளில் அம்மாயியின் அண்ணனும் தங்கச்சியும் தலைமன்னாரில் கப்பலேறினார்கள், நீலகிரிக்கு. இன்றைக்கு அந்தத் தங்கச்சி பக்கத்து லயத்தில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. முதுமைக்குத் துணையாக இருந்திருக்க வேண்டியவர்களை ஒரு கையெழுத்து கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டது.

சரி, வீட்டிலேயே பார்ப்போம் என்று முடிவானது. ஆனால் வீட்டுப் பராமரிப்புக்கு முதலில் ஒரு வீடு வேண்டும். வட்டகொடைப் பக்கத்து மடக்கும்புரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தன் நாவலுக்கு வைத்த பெயர் 'வீடற்றவன்'. எங்கள் காம்பராவில் அது தினசரிக் கணக்கு. சுவரில் ஒரு பிடிகம்பி அடிக்கலாமா? பின்பக்கம் ஒரு கக்கூஸ் கட்டலாமா? இடம் தோட்டத்தினுடையது. கடிதம் எழுதிக் கேட்டோம், வாய்ப்பேச்சில் சரி என்றார்கள். கக்கூஸ் கட்டக் காசில்லை. ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் கதிரையும் அடியில் ஒரு வாளியும்தான் எங்கள் கமோட். வோக்கர் ஒன்று இரவல் கிடைத்தது. பதினாலு படிக்கும் சீமெந்து போட்டு, ஓரத்தில் கயிறு கட்டினோம். விழுந்த பிறகுதான் கட்டினோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆள்? கீழ் லயத்தில் ஒரு அக்கா இருக்கிறார். 46 வயது. லெபனானில் எட்டு வருஷம் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டு, திரும்பி வந்து இரண்டு வருஷம். தோட்டத்தில் பேர் இல்லை. எங்களுக்கு அவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மூத்தவள் போய்க் கேட்டாள்.

"அக்கா, அம்மாயிக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இருக்க முடியுமா? பகல்ல மட்டும், பெரியம்மா வேலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும். சும்மா வேணாம், ஏதாச்சும் குடுக்கிறோம்."

அந்த அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்: "ஏதாச்சும்னா எவ்வளவு தங்கச்சி?"

மூத்தவளிடம் பதில் இல்லை. உண்மையில் நாங்கள் தொகை யோசித்திருக்கவே இல்லை. ஏஜென்சியிடம் 3500 என்று கேட்டபோது ஒரு தடவைகூட வாய் திறக்காத நாங்கள், தெரிந்த முகம் என்றதும் 'ஏதாச்சும்' என்று போய் நின்றிருக்கிறோம். சொந்தம், பழக்கம், நம்ம ஆளு என்கிற சொற்களெல்லாம் கூலியைக் குறைக்கிற சொற்களாகவும் வேலை செய்யும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அக்காவே சொன்னார். 2025இல் தோட்டத்தில் ஒரு பேருக்கு அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. அதற்குக் குறைந்து வர மாட்டார். காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை. ஞாயிற்றுக்கிழமை லீவு. "அப்புறம் ஒண்ணு. நான் பாட்டியப் பாக்கத்தான் வர்றேன். வீட்டப் பாக்க இல்ல. உங்க வீட்டாளுங்க துணி துவைக்க மாட்டேன், எல்லாருக்கும் சோறாக்க மாட்டேன். லெபனான்ல ஒரு கிழவியப் பாக்கத்தான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய் மூணு மாடி வீட்டத் தொடைக்க வச்சாங்க."

வேலை தெரியுமா என்று பார்க்க நடுவாள் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். சான்றிதழ் கேட்கவில்லை. "அம்மாயியக் கட்டில்லேருந்து கதிரைக்கு மாத்திக் காட்டுங்கக்கா" என்றாள். எங்களில் யாராவது தூக்கினால் கக்கத்தில் கைகொடுத்து இழுப்போம், அம்மாயி கத்துவார். அக்கா முதலில் கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில், நல்ல கால் பக்கமாக, சாய்த்துப் போட்டார். ஒரு பழைய சேலையை நாலாக மடித்து அம்மாயியின் வயிற்றைச் சுற்றிக் கட்டி, அதை இரண்டு கையாலும் பிடித்தார். "பாட்டி, மூக்கு முன்னால வர்ற மாதிரி குனிங்க. இப்ப எந்திரிப்போம்." அம்மாயி கத்தவில்லை. நடுவாள் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் முதல் வாரம் அக்கா போட்டுக் கொடுத்த தேத்தண்ணியை அம்மாயி குடிக்கவில்லை.

"ஒவ்வாது" என்றார். "அப்புறம் குடிக்கிறேன்" என்றார். மத்தியானச் சோற்றைப் பெரியம்மா காலையிலேயே ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போனால் சாப்பிட்டார். அக்கா சுடவைத்த கஞ்சி அப்படியே இருந்தது. எங்களுக்குக் காரணம் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும். அக்காவுக்கு எங்களுக்கு முன்னாலேயே தெரியும். கீழ் லயம், மேல் லயம் என்பது மலையில் உயரத்தை மட்டும் குறிக்கிற சொல் கிடையாது. ஏஜென்சிக்காரரிடம் "அதெல்லாம் நாங்க பாக்கிறதில்ல" என்று விறைப்பாகச் சொன்னவர்கள், எங்கள் ஸ்தோப்பில் வாய் மூடி இருந்தோம். வயசானவர், முடியாதவர், இப்போது போய் எப்படிச் சொல்வது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொன்னோம். அம்மாயியைப் பார்த்துக்கொள்வதற்காக அவமானத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள அக்காவுக்கு 1350இல் எவ்வளவு ஒதுக்கியிருந்தோம்?

எட்டாம் நாள் அக்காவே பேசினார். எங்களிடம் இல்லை, அம்மாயியிடம். ஆறிப்போன கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னார். "லெபனான்காரி என் ஜாதியக் கேக்கல பாட்டி. பாஸ்போர்ட்ட மட்டும் புடுங்கி வச்சிக்கிட்டா. நீங்க பாஸ்போர்ட்டு கேக்க மாட்டீங்க. எல்லா எடத்துலயும் ஏதோ ஒண்ணு. நீங்க குடிக்காட்டியும் நான் நாலு மணிக்குத் தேத்தண்ணி வைப்பேன். அது என் வேல."

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. அன்றிரவு இளையவன் அம்மாயியிடம் பேசினான். குவைத்தில் தன் அம்மா எந்தப் பாத்திரத்தில் தண்ணி குடிக்கிறார் என்று சித்தி போனில் அழுததை நினைவுபடுத்தினான். அம்மாயி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு மாசம் கழித்துத் தேத்தண்ணி குடிக்க ஆரம்பித்தார், தன்னுடைய டம்ளரில். இப்போது அக்காவிடம்தான் தலை சீவிக்கொள்கிறார், அவரோடுதான் சண்டை போடுகிறார். அந்த டம்ளர் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது. நாங்கள் அதை எடுத்து மற்ற டம்ளர்களோடு வைப்போம். அது மறுபடி அலமாரியின் மூலைக்குப் போயிருக்கும். 74 வயது வரைக்கும் சுமந்ததை இறக்க அவருக்கு நேரம் வேண்டும் என்று சொல்லலாம். அந்த நேரத்தின் செலவை அக்காதான் கட்டுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒரு பக்கம் எழுதி, பெரியம்மாவும் அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். வேலை நேரம், என்னென்ன வேலை, எது வேலை இல்லை. நாளைக்கு 1350. மாதம் 26 பேர் என்றால் 35,100. பத்தாம் தேதி சம்பளம். அக்காவுக்கு முடியாத நாளில் முதல் நாள் சொல்லிவிட்டு நிற்கலாம், மாதம் ஒரு நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று ஐ.எல்.ஓ.வின் 189ஆம் சாசனம் 2011இலேயே சொல்கிறது. இந்த நாட்டில் வீட்டுவேலை செய்கிறவர்களைப் பதிவு செய்ய 1871இலேயே ஒரு சட்டம் போட்டார்கள். பதிவு செய்யத் தெரிந்தது, உரிமை கொடுக்கத்தான் தெரியவில்லை. அதனால்தான் செங்கொடிச் சங்கத்தின் மேனகா கந்தசாமி போன்றவர்கள் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனியாகச் சங்கம் கட்ட வேண்டி வந்தது. எங்கள் கொப்பியின் ஒரு பக்கம் சட்டமாகாது. ஆனால் 'ஏதாச்சும்' என்ற சொல் அதில் இல்லை.

அந்த 35,100 எப்படி வருகிறது? சித்தி 15,000. நடுவாள் 10,000. இளையவன் 5100. மிச்சம் 5000 அம்மாயியினுடையது: எழுபது தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற மாதக் கொடுப்பனவு, 2025இல்தான் 3000இலிருந்து 5000 ஆனது. அதைத் தொட வேண்டாம் என்றோம். "என்னப் பாக்குற ஆளுக்கு என் காசும் போவட்டும்" என்றார். மூத்தவள் மருந்துச் செலவைப் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளை நாங்கள் பிரித்துக்கொண்டோம். மாதத்தில் ஒரு ஞாயிறு இளையவனுடையது. கழுவுகிற வேலை பெரியம்மாவுக்கு, அம்மாயியின் இரண்டாவது நிபந்தனைப்படி. சமையல், துணி, வாளி எல்லாம் அவனுக்கு. முதல் தடவை வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது லயமே பார்த்துச் சிரித்தது. இப்போது யாரும் பார்ப்பதில்லை.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலை சரிந்து, ரயில் பாதை உடைந்து, போன் எடுக்காமல் கொழும்பில் இரண்டு பேர் தூங்காமல் கிடந்தோம். கொட்டகலையிலிருந்து மூத்தவளாலும் போக முடியவில்லை. மூன்றாம் நாள்தான் செய்தி வந்தது. லயத்துக்குப் பின்னால் மண் இறங்க ஆரம்பித்ததும், கீழ் லயத்திலிருந்து தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அக்கா மேலே ஏறி வந்திருக்கிறார். கதிரையோடு அம்மாயியைத் தூக்க ஆள் பிடித்ததும், மாத்திரைப் பையையும் அந்த டம்ளரையும் எடுத்து வந்ததும் அவர்தான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனால் மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. கொப்பியில் அதற்கு ஒரு வரியும் இல்லை. அந்த மாதம் இரண்டு பேர் கூடப் போட்டோம். அது போதாது என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எங்களைப் போலத் தேடிக்கொண்டிருக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். முதலில் படுத்திருக்கிறவரிடம் கேளுங்கள், அவருக்குக் காது கேட்கிறது. ஆள் எடுக்கும்போது பேப்பரைப் பார்ப்பதோடு நிற்காமல், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். எழும்ப முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். குதிகாலிலும் முதுகுத்தண்டின் அடியிலும் சிவந்து, விரலால் அமுக்கினாலும் அந்தச் சிவப்புப் போகாவிட்டால் படுக்கைப்புண் தொடங்குகிறது. உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். சாப்பாடு கொடுக்கும்போது உட்கார வைத்துக் கொடுங்கள், சாப்பிட்டதும் படுக்க விடாதீர்கள். தேசிய முதியோர் செயலகமும் ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்காவும் வீட்டுப் பராமரிப்புக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் உங்கள் பக்கம் இருக்கிறார்களா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். இவ்வளவையும் செய்யப் போகிற ஆள் யார், அந்த ஆளின் நாள் என்ன விலை என்று, வார்டில் எல்லோரும் ஒரு பக்கம் திரும்புவதற்கு முன்னால் பேசிவிடுங்கள்.

அம்மாயி இப்போது வோக்கரைப் பிடித்துக்கொண்டு ஸ்தோப்பு முனை வரைக்கும் நடக்கிறார். படியிறங்க மாட்டார். மூன்று மாசம் என்றது ஆறாவது மாசத்துக்கு வந்துவிட்டது, அக்கா இன்னும் வருகிறார். கலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போடுவது பெரியம்மாவின் வேலை. சாயங்காலம் கூடையை இறக்கி வைத்து, கால் கழுவி உள்ளே வருகிறவரிடம் அம்மாயி முதலில் கேட்பது, எத்தனை கிலோ பறித்தாய் என்று இல்லை. முப்பத்தெட்டு வருஷம் கணக்கப்பிள்ளையின் பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றவர் அவர்.

"அவளுக்கு இன்னைக்குப் பேர் போட்டியா?" என்று கேட்பார். கோடு போடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார்.